சரமாகோவை உருவகக் கதைக்காரராக நிறுத்திவிடாதீர்கள்: ஸ்வீடிஷ் அகாதெமிக்கு ஒரு திறந்த மடல்

ஸ்டாக்ஹோமில் உள்ள ஸ்வீடிஷ் அகாதெமியின் மதிப்புக்குரிய உறுப்பினர்களுக்கு,

வணக்கம். 1998 அக்டோபரில் போர்த்துகீசிய நாவலாசிரியர் ஜோஸே சரமாகோவுக்கு நோபல் பரிசை அறிவித்தபோது, அதற்கான காரணத்தை ஒரே வாக்கியத்தில் சொன்னீர்கள். கற்பனையும் இரக்கமும் எள்ளலும் தாங்கி நிற்கும் உருவகக் கதைகளின் வழியே, பிடிக்குள் அகப்படாமல் நழுவும் யதார்த்தத்தை மறுபடி மறுபடி நமக்குப் புலப்படுத்துகிறவர் என்று அவரைப் பாராட்டினீர்கள். அந்தப் பாராட்டு பொய்யன்று. ஆனால், அது அவருடைய நாவல்களில் ஒரு பகுதிக்கே பொருந்துகிறது. என் மதிப்பீட்டில், அது அவருடைய மிகச் சிறந்த பகுதியும் அன்று. அன்று நீங்கள் வெளியிட்ட விரிவான குறிப்பு அவருடைய வரலாற்று நாவல்களையும் பேசியது என்பதை மறைக்க விரும்பவில்லை. எனினும், புத்தக அட்டைகளிலும் அறிமுகக் கட்டுரைகளிலும் இன்றுவரை வலம்வருவது அந்த ஒற்றை வாக்கியம்தான்.

அதன் விளைவு என்ன என்பதை, உலகின் எந்த மூலையிலும் சரமாகோவின் பெயரைச் சொல்லிப் பார்த்தால் அறிந்துகொள்ளலாம். 1995இல் வந்த, ஊரே பார்வையிழக்கும் அந்த நாவலைத்தான் முதலில் சொல்வார்கள். பெயரில்லாத நகரம், பெயரில்லாத மனிதர்கள், சிவப்பு விளக்கு பச்சையாக மாறக் காத்திருக்கும் காரோட்டியின் கண்களை நிறைக்கும் வெண்மை. அடுத்து, புத்தாண்டு நாள் முதல் எவருமே சாகாத ஒரு பெயரற்ற தேசத்தைப் பற்றிய 2005ஆம் ஆண்டு நாவல். பார்வையிழப்பு நாவலின் வலிமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால், பின்னாளைய உருவக நாவல்கள் சிலவற்றில், கதைக்கு முன்பாகவே கருத்து வந்து நாற்காலியில் அமர்ந்துவிடுகிறது. ‘குகை’ நாவலில் அந்த முதிய குயவர் மீது எனக்குப் பெரும் பிரியம் உண்டு. பேரங்காடி மையம் எதன் குறியீடு என்பது தொடக்கத்திலேயே தெரிந்துவிடுவதால், அவரோடு நடப்பதில் மட்டும் பாதிச் சுவை போய்விடுகிறது.

நான் உங்கள் முன் வைக்க விரும்பும் நாவல் 1980இல் வெளியான ‘தரையிலிருந்து எழுந்தவர்கள்’. (தலைப்புகளை என் போக்கில் தமிழாக்கியிருக்கிறேன்.) 1975 நவம்பரில் லிஸ்பனில் அரசியல் காற்று திசைமாறியபோது, ‘தியாரியோ தெ நொத்தீசியஸ்’ நாளேட்டின் துணை இயக்குநர் பொறுப்பிலிருந்து சரமாகோ வெளியேற்றப்பட்டார். அப்போது அவருக்கு வயது 53. வேறு வேலை தேடுவதில்லை என்று முடிவெடுத்து, மறு ஆண்டு தெற்குப் போர்த்துகலின் அலென்தேஜோ சமவெளியில் உள்ள லாவ்ரே என்னும் சிற்றூருக்குச் சென்று, நிலமற்ற கூலி விவசாயிகளோடு தங்கி அவர்கள் சொன்னவற்றைக் கேட்டார். அந்தக் கேள்வி ஞானத்திலிருந்து பிறந்ததே, பெருநிலக்கிழார்களின் கீழ் மூன்று தலைமுறைகளாக உழைத்த மாவ்-தெம்போ குடும்பத்தின் கதை. 1945இல் மொந்தெமோர்-ஓ-நோவோ என்னும் ஊரில் காவலர்களால் அடித்துக் கொல்லப்பட்ட ஜெர்மானோ விதிகால் என்னும் தொழிலாளியின் சாவு அதில் வருகிறது. அந்தச் சித்திரவதையைக் காணும் கண்கள் மனிதருடையவை அல்ல. தரையில் ஊர்ந்துகொண்டிருக்கும் எறும்புகளுடையவை. இருபதாம் நூற்றாண்டு நாவல்களில் அரச வன்முறையை இவ்வளவு தாழ்ந்த இடத்திலிருந்து, இவ்வளவு நிதானமாகப் பார்த்த பக்கங்களை நான் வேறெங்கும் படித்ததில்லை. இதில் உருவகம் என்று ஒன்றுமில்லை. ஊரும் உண்மை, ஆளும் உண்மை.

உலகம் வியக்கும் அவருடைய நடையும் இந்த நாவலில்தான் பிறந்தது என்பதை எண்ணிப் பாருங்கள். மேற்கோள் குறி இல்லை, கேள்விக்குறி இல்லை. காற்புள்ளியும் முற்றுப்புள்ளியும் மட்டுமே கொண்டு, ஒருவர் பேச்சு முடிந்து அடுத்தவர் பேச்சு தொடங்கும் இடத்தைப் பெரிய எழுத்தால் மட்டும் உணர்த்தி, பக்கக் கணக்கில் நீளும் அந்த வாக்கியங்கள், நாவலின் முதல் இருபது சொச்சம் பக்கங்களை வழக்கமான முறையில் எழுதிய பிறகு, திட்டமிடாமலே தமக்கு வாய்த்தன என்று சரமாகோ பலமுறை சொல்லியிருக்கிறார். அந்த விவசாயிகள் தமக்குச் சொன்ன கதையை, அவர்கள் சொன்ன விதத்திலேயே அவர்களுக்குத் திருப்பிச் சொல்வதாகவே அவர் அதை உணர்ந்தார். வாய்விட்டுப் படித்தால் உடனே விளங்கிவிடும் அந்த நடையைப் பின்நவீனத்துவ வித்தையாக விளக்கும் ஆய்வுரைகளைப் படிக்கும்போது சற்றே சிரிப்பு வருகிறது. ஆனால், இந்த நாவல் ஆங்கிலத்துக்கு வந்ததோ 2012இல். மூலம் வெளியாகி 32 ஆண்டுகளும், ஆசிரியர் மறைந்து இரண்டு ஆண்டுகளும் கழிந்த பின்னர். மரத்தின் கிளைகளையெல்லாம் பார்த்து முடித்தபின் கடைசியாக வேரைக் காட்டியதுபோல ஆயிற்று.

1982இல் வந்த ‘மடாலயத்தின் நினைவேடு’ மஃப்ராவில் ஐந்தாம் ஜொவாவ் அரசன் எழுப்பிய அரண்மனை மடாலயத்தைப் பற்றியது. தனக்கு வாரிசு பிறந்தால் கட்டுவதாக நேர்ந்துகொண்டு, 1717இல் அவன் அடிக்கல் நாட்டினான். அந்தக் கட்டடம் 2019இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் இடம்பிடித்துவிட்டது. சரமாகோவின் நாவலிலோ அரசன் கேலிக்குரியவனாக ஓரத்தில் நிற்கிறான். போரில் இடக்கையை இழந்த பல்தசாரும், வெறும் வயிற்றோடு இருக்கையில் மனிதருக்குள் ஊடுருவிப் பார்க்கும் பிலிமுந்தாவும் நடுவில் இருக்கிறார்கள். பேரோ பின்னேய்ரோவிலிருந்து ஒற்றைப் பெருங்கல்லை நூற்றுக்கணக்கான ஆட்களும் எருதுகளும் இழுத்துவரும் பகுதி நாவலின் உச்சம். அங்கே கதைசொல்லி சற்று நின்று, எல்லோருடைய வாழ்க்கையையும் தன்னால் சொல்ல இயலாது, பெயர்களையாவது எழுதிவைக்கிறேன் என்று கூறி, அகர வரிசையில் எழுத்துக்கு ஒருவராகத் தொழிலாளர்களின் பெயர்களை அடுக்குகிறார். பெயரற்ற மனிதர்களை எழுதியவர் என்று உலகம் அறிந்திருக்கும் ஒருவர், பெயர்களுக்காக இப்படி மன்றாடியவர் என்பதை எத்தனை வாசகர்கள் அறிவார்கள்? 1936ஆம் ஆண்டு லிஸ்பனில் சர்வாதிகாரி சலாசாரின் ஆட்சியை, பெஸ்ஸோவா என்னும் கவிஞர் படைத்த கற்பனைக் கவியின் கண் வழியே காட்டும் ‘ரிக்கார்தோ ரெய்ஸ் இறந்த ஆண்டு’ நாவலும் இந்த வரிசையில் வைக்க வேண்டியதே.

இதற்கான சான்று உங்கள் ஆவணங்களிலேயே இருக்கிறது. 1998 டிசம்பர் 7 அன்று உங்கள் முன் நிகழ்த்திய நோபல் உரையை, தாம் அறிந்தவர்களிலேயே மிகுந்த ஞானம் கொண்ட மனிதர் எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றே சரமாகோ தொடங்கினார். அஸின்யாகா கிராமத்தில் பன்றி வளர்த்துப் பிழைத்த தம் தாத்தாவை அவர் குறிப்பிட்டார். கடுங்குளிர் இரவுகளில் நலிந்த பன்றிக்குட்டிகளைப் படுக்கைக்குள் எடுத்துவைத்துக் காத்ததையும், சாவு நெருங்குவதை உணர்ந்த தாத்தா தோட்டத்து மரங்களை ஒவ்வொன்றாகத் தழுவி அழுததையும் சொன்ன பிறகே, மாவ்-தெம்போ குடும்பத்தினரையும் பல்தசாரையும் பிலிமுந்தாவையும் தம் ஆசான்களாக வரிசைப்படுத்தினார். பார்வையிழப்பு நாவல் அந்த உரையின் இறுதிப் பகுதியில்தான் வருகிறது. தம்மை எப்படி வாசிக்க வேண்டும் என்பதை அவரே உங்களிடம் சொல்லிவிட்டார்.

உங்கள் துணிவை நான் மதிக்கிறேன். ஏசுவைப் பற்றிய அவருடைய நாவலை 1992இல் போர்த்துகீசிய அரசின் கலாச்சாரத் துணைச் செயலர் ஐரோப்பியப் பரிசுக்கான பட்டியலிலிருந்து நீக்கியதும், மனம் கசந்த அவர் ஸ்பெயினின் லான்சரோத்தே தீவுக்குக் குடிபெயர்ந்ததும் தெரிந்திருந்தும், ஒரு கம்யூனிஸ்டுக்கும் நாத்திகருக்கும் நீங்கள் பரிசளித்தீர்கள். வாட்டிகன் நாளேட்டின் கண்டனத்தையும் பொருட்படுத்தவில்லை.

ஆயினும், 1901 முதல் நீங்கள் வழங்கிவரும் இலக்கியப் பரிசுகளில், 20 கோடிக்கும் மேற்பட்டோர் பேசும் போர்த்துகீசிய மொழிக்குக் கிடைத்தது இந்த ஒன்றுதான். அதனால் அவருடைய ஒரு முகம் ஒரு மொழியின் முகமாகவும் ஆகிவிட்டது. பிரேசிலின் எழுத்தாளர் கிளாரிஸ் லிஸ்பெக்தர் மறைந்துவிட்டதால், அவருக்கு இனிப் பரிசளிக்க வழியில்லை. மொசாம்பிக்கின் மியா கூத்தோவும் பவுலினா ஷிசியானேயும் போர்த்துகீசிய மொழியின் உயரிய இலக்கிய விருதான காமோயன்ஸ் பரிசு பெற்றவர்கள், உங்கள் மேசைக்கு எட்டாத தொலைவில் இருப்பவர்கள் அல்லர்.

நான் கேட்பது இரண்டே. அறிவித்த காரணத்தைத் திருத்த இயலாது என்பதை அறிவேன். ஆனால், சரமாகோவை உலகுக்கு நீங்கள் அறிமுகப்படுத்தும் இடங்களில், அந்த வாக்கியத்துக்குப் பக்கத்திலேயே 1980ஆம் ஆண்டு நாவலையும் 1982ஆம் ஆண்டு நாவலையும் எடுத்துச் சொல்லுங்கள். அடுத்து இந்த மொழியிலிருந்து ஒருவரைத் தேர்ந்தெடுக்கும்போது, எந்த மண்ணில் நின்று எழுதினார் என்பதையும் காரணத்தில் எழுதுங்கள்.

மரியாதையுடன்,
ஒரு தமிழ் வாசகர்