கூட ஆள் இல்லாதவர்களை இப்படியா அனுப்புவது?

டெல்டா மாவட்ட அரசு மருத்துவமனைகளை நிர்வகிக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். குடவாசல் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தின் பொறுப்பாளன் நான். எங்களைப் போன்ற இல்லங்களின் நிலைமை உங்களுக்குப் புதிதல்ல.

போன வாரம் எங்கள் இல்லத்து அம்மா ஒருவரை ராத்திரி பத்து மணிக்கு மேல் டிஸ்சார்ஜ் செய்து ஆட்டோவில் ஏற்றிவிட்டார்கள். எங்களுக்கு ஒரு போன் இல்லை. மறதி நோய் உள்ளவர், ஊர்ப் பெயர்கூடச் சொல்லமாட்டார். ஃபைலில் நாங்கள் எழுதியிருந்த முகவரியைப் பார்த்துத்தான் ஆட்டோக்காரர் கொண்டுவந்து சேர்த்தார். இறக்கும்போது பார்த்தால், புறங்கையில் ட்ரிப்ஸ் ஊசி அப்படியே இருக்கிறது. பிளாஸ்திரி பாதி பிரிந்து, முந்தானையெல்லாம் ரத்தம். டிஸ்சார்ஜ் சீட்டில் 'பழைய மருந்துகளைத் தொடரவும்' என்று ஒரே வரி. இன்சுலின் அளவைக் குறைத்திருந்தார்கள் என்பதே மறுநாள் வார்டு நர்ஸைத் தேடிப் பிடித்துக் கேட்ட பிறகுதான் தெரிந்தது. அந்த நர்ஸைக் குறை சொல்லமாட்டேன். ஒற்றை ஆளாக வார்டு முழுவதையும் பார்க்கிறார்.

அனுப்புவதற்கு முன் ஒரு போன். கையோடு, மருந்து மாற்றங்களை எழுதிய ஒரு தாள். இவ்வளவுதான் கேட்கிறோம்.

சேர்க்கும்போதும் இதே பாடுதான். தாலுகா ஆஸ்பத்திரியிலிருந்து மருத்துவக் கல்லூரிக்கு எழுதிக் கொடுத்தால், அங்கே முதல் கேள்வி "கூட யார் இருக்கீங்க?" என்பதுதான். பெற்ற பிள்ளைகளே இல்லாமல்தானே எங்களிடம் இருக்கிறார்கள்? இருக்கும் ஒரு ராத்திரிப் பணியாளரை அங்கே உட்காரவைத்துவிட்டால், இங்கே படுத்த படுக்கையாக இருப்பவர்களை யார் புரட்டிப் படுக்கவைப்பது?

2007ஆம் ஆண்டின் மூத்த குடிமக்கள் சட்டம் மருத்துவமனையில் அவர்களுக்குத் தனி வரிசை வேண்டும் என்கிறது. ஸ்ட்ரெச்சரில் வருபவருக்கு வரிசை எதற்கு, பார்த்துக்கொள்ள ஓர் ஆள் அல்லவா வேண்டும்? பிரசவித்த தாயை வீட்டில் விட 102 இலவச வண்டி வருகிறது. இறந்தவரை எடுத்துப்போக இலவச அமரர் ஊர்தி வருகிறது. பிழைத்தெழுந்த கிழவியை ஆட்டோவில் ஏற்றிவிடுகிறீர்கள்! இந்த வயல்களில் காலமெல்லாம் நாற்று நட்டவர் அவர்.

கோபத்தில் எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இல்லத்திலிருந்து வருபவர்களை இருட்டிய பிறகு டிஸ்சார்ஜ் செய்யக் கூடாது, போனும் தாளும் இல்லாமல் அனுப்பக் கூடாது என்று எல்லா வார்டுகளுக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள். வண்டியும் பார்த்துக்கொள்ள ஆளும் அடுத்தபடியாகக் கேட்கிறோம். போன் வந்தால் எந்த நேரமானாலும் நாங்களே வந்து அழைத்துப்போகிறோம்.

இப்படிக்கு,
முதியோர் இல்லப் பொறுப்பாளர்