டிடிஎன்னைப் பட்டியலில் பார்த்ததும் எழுதுகிறேன்

கயல்,

நுரையீரல் புற்றுநோயை வளர்க்கும் மரபணுக்கள் என்று நீ அனுப்பிய பட்டியலைப் பார்த்தேன். புற்றுநோய்களில் அடிக்கடி கெட்டுப்போகும் டிபி53 மேலே இருக்கிறது, சரி. அதை ஒட்டியே டிடிஎன் உட்கார்ந்திருக்கிறதே, அப்புறம் வாசனை அறியும் மரபணுக்கள் வேறு கொத்தாக! மூக்குக்கும் இந்தக் கட்டிக்கும் என்னம்மா சம்பந்தம்?

டிடிஎன் என்பது தசையில் இருக்கும் டைட்டின் புரதத்துக்கான மரபணு. புரதத்தை எழுதும் எழுத்துகள் மட்டுமே அதில் ஒரு லட்சத்துக்கு மேல். டிபி53-இல் சுமார் 1,200தான். சிகரெட் புகை பட்ட செல்லில் பிறழ்வுகள், அதாவது டிஎன்ஏ எழுத்து மாற்றங்கள், கண்டபடி விழும்போது நீளமான மரபணு நிறைய வாங்கிக்கொள்ளத்தான் செய்யும், அதற்காக அதுதான் கட்டியை வளர்க்கிறது என்று ஆகிவிடாது. வாசனை மரபணுக்களின் கதை வேறு. நுரையீரலில் அவற்றுக்குப் பெரிதாக வேலை இல்லை, செல் பிரிவதற்கு முன் டிஎன்ஏவைப் படியெடுக்கும்போதும் அவற்றின் முறை கடைசியில்தான் வரும், இப்படிப்பட்ட இடங்களில் பிழைதிருத்தம் சுணங்குவதால் பிறழ்வுகள் சேர்ந்துவிடுகின்றன. 2013-இல் அமெரிக்காவின் பிராட் இன்ஸ்டிட்யூட் ஆய்வுக் குழு ஒருவகை நுரையீரல் புற்றுநோயில் இதையெல்லாம் கணக்கில் எடுத்தபோது, 450 மரபணுக்கள் இருந்த பட்டியல் 11 ஆகச் சுருங்கியது.

நீ எத்தனை பிறழ்வு இருக்கிறது என்று மட்டும் எண்ணியிருக்கிறாய். தற்செயலாகவே எத்தனை வந்திருக்கும் என்று மரபணுவுக்கு மரபணு கணக்கிட்டு அதோடு ஒப்பிடு.

எங்கே விழுந்திருக்கிறது என்பதையும் பார். செல்லை வளரச் சொல்லும் கேராஸ் மரபணுவில் ஆளுக்கு ஆள் அதே 12ஆவது அமினோ அமிலம்தான் மாறியிருக்கும். தற்செயல் அப்படிக் குறிபார்த்து அடிக்காது. அங்கே மாறினால் புரதம் அணையாமல் 'வளர், வளர்' என்று சொல்லிக்கொண்டே இருக்கும். ஆர்பி1 போல வளர்ச்சியை அடக்கும் மரபணுவிலோ எங்கே உடைந்தாலும் காரியம் கெடும், அதனால் பிறழ்வுகள் சிதறிக் கிடக்கும். கேராஸ் சேர்ந்த ராஸ் மரபணுக் குடும்பத்தின் அந்த 12ஆம் இடத்து மாற்றத்தை 1982-லேயே கண்டுபிடித்துவிட்டார்கள், கேராஸை நேராகத் தாக்கும் சோட்டோராசிப் மருந்து 2021-இல்தான் வந்தது. பிராஃப் என்ற இன்னொரு புற்றுநோய் மரபணு பரவாயில்லை, 2002-இல் அதன் பிறழ்வு கண்டுபிடிப்பு, 2011-இல் மெலனோமா என்ற தோல் புற்றுநோய்க்கு மருந்து.

இன்னொரு தலைவலி, எனக்குப் பிடித்த தலைவலி: நடுவயதுக்காரர்களின் ஆரோக்கியமான உணவுக்குழாயில், உணவுக்குழாய்ப் புற்றுநோயில் இருப்பதைவிட அதிகமாக நாட்ச்1 என்ற மரபணுவில் பிறழ்வு இருப்பதை 2018-இல் காட்டினார்கள். பிறழ்வு பட்ட செல்லை அக்கம்பக்கத்துச் செல்களைவிடப் பெருக வைப்பது வேறு, புற்றாக்குவது வேறு.

கணக்கைத் திருத்தி மறுபடி ஓட்டி அனுப்பு. டிடிஎன்னை மட்டும் கையால் அழித்துவிட்டு அனுப்பாதே, கண்டுபிடித்துவிடுவேன்.

அப்பா