பட்டு பீரோவில்தான் கெடுகிறது

ஆசிரியர் அவர்களுக்கு,

பட்டுச் சேலையைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, நடுவே அந்துருண்டை வைக்கும்படி தங்கள் இணைப்பிதழில் குறிப்பு வந்திருந்தது. நெசவாளர்கள் சொல்கிறோம், தயவுசெய்து யாரும் அப்படிச் செய்ய வேண்டாம்.

அசல் ஜரிகையில் சிவப்புச் சாயமேற்றிய பட்டு நூலின்மேல் வெள்ளி இழையைச் சுற்றி, அதன்மேல் தங்க முலாம் ஏற்றியிருக்கும். முலாம் மிக மெல்லியது. ஈரமும் கந்தகமும் அதைக் கடந்து வெள்ளியைத் தொட்டால் ஜரிகை கறுத்துவிடும். பிளாஸ்டிக் உறை வியர்வை ஈரத்தை உள்ளேயே அடைத்து வைக்கிறது. மடிப்பின்மேல் போடும் ரப்பர் பேண்டில் கந்தகம் உண்டு. அந்துருண்டை பட்ட இடம் கறை பிடிக்கும். சென்ட்டை ஒருபோதும் சேலைமேல் அடிக்கக் கூடாது.

கட்டி அவிழ்த்ததும் நிழலில் இரண்டு மூன்று மணி நேரம் காற்றாட விடுங்கள். பிறகு ஜரிகை உள்பக்கம் வரும்படி மடித்து, பழைய வெள்ளை வேட்டித் துணியில் சுற்றுங்கள். பூச்சிக்கு வசம்பும் கிராம்பும் சிறு துணி முடிப்பில் கட்டி, சேலையில் படாமல் பீரோத் தட்டின் ஓரத்தில் வைத்தால் போதும். அங்கவஸ்திரத்துக்கும் பட்டு வேட்டிக்கும் இதே பக்குவம்தான். கழுத்து வியர்வை படுவதால் அங்கவஸ்திரம் இன்னும் சீக்கிரம் கறுக்கும்.

மடிப்பை மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றியே ஆக வேண்டும். ஒரே இடத்தில் மடிந்து கிடக்கும் ஜரிகை முறிந்து, பக்கத்துப் பட்டு இழையை அறுக்கும். சேலையின் உடலும் கரையும் சேரும் கோர்வையிலும், முந்தானையின் பாவு நூலை (நீளவாக்கில் ஓடும் இழை) உடலின் பாவு நூலோடு பிணைத்த பேட்னியிலும் மடிப்பு விழாமல் பாருங்கள். கனமான சேலையை ஹேங்கரில் மாதக்கணக்கில் தொங்கவிட்டால் பாரம் முழுவதும் ஒரே கோட்டில் இறங்கி, அங்கேயே கிழியும்.

எண்ணெய் பட்டால் தண்ணீர் வேண்டாம், திட்டு விழும். முகப்பவுடரைத் தூவி, சில மணி நேரம் கழித்து மெல்லத் தட்டி விடுங்கள்.

கடைக்காரர்களிடம் ஒன்று கேட்கிறோம். ரசீதில் ‘பட்டுச் சேலை 1’ என்று மட்டும் எழுதாமல், ஜரிகை அசலா, செம்பின்மேல் வெள்ளி ஏற்றிய டெஸ்டட் ஜரிகையா, பாலியெஸ்டர் ஜரிகையா என்றும் எழுதுங்கள். சுரண்டிப் பார்த்துச் சிவப்பு தெரிந்தால் அசல் என்று வாங்குபவர்கள் நம்பிவிடுகிறார்கள்; போலியிலும் சிவப்பு நூல் வைக்கிறார்கள். பாலியெஸ்டர் ஜரிகையில் சூடான இஸ்திரிப் பெட்டி பட்டால் கரை முழுவதும் சுருங்கிவிடும். தேய்த்துக் கொடுப்பவருக்கு அதை முன்கூட்டியே சொல்ல, ரசீதில் இருக்கும் அந்த ஒரு வரிதான் உதவும்.

இப்படிக்கு,
பட்டு நெசவாளர்கள் சிலர்,
பிள்ளையார்பாளையம், காஞ்சிபுரம்.