எட்டு விழுக்காட்டுக்குள் என்ன இருக்கிறது?

ஆசிரியருக்கு வணக்கம்.

2030க்குள் உலகக் கடற்பரப்பில் 30 விழுக்காட்டைப் பாதுகாக்கும் இலக்கு பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். 2024 வரை சுமார் 8 விழுக்காடு பாதுகாக்கப்பட்டிருந்ததாக எழுதியிருந்தீர்கள். தப்பில்லை, நாடுகள் அப்போது கொடுத்த கணக்கும் அதுதான். ஆனால் அந்த எட்டுக்குள் மீன்பிடிப்பை முழுக்கவோ பெருமளவிலோ நிறுத்திய இடம், உலகக் கடற்பரப்பில் 3 விழுக்காட்டு அளவுக்குத்தான் தேறும். ஐரோப்பாவில் பல பாதுகாப்புப் பகுதிகளுக்குள்ளேயே இன்றும் கடலடியை வாரும் இழுவைமடி ஓடுகிறது.

2010இல் ஜப்பானின் நகோயாவில் நடந்த ஐ.நா. பல்லுயிர் மாநாட்டில், 2020க்குள் 10 விழுக்காடு என்றார்கள். அந்தத் தீர்மானத்திலேயே 'திறம்பட, நியாயமாக நிர்வகிக்கப்பட்ட' என்ற சொற்களும் இருந்தன. எண் மட்டும்தான் எல்லோருக்கும் நினைவில் நின்றது. அந்தப் பத்தும் எட்டவில்லை. 2022 டிசம்பரில் கனடாவின் மாண்ட்ரியலில் கூடி, முப்பது என்று அறிவித்துவிட்டார்கள். பத்து மார்க் வாங்காத பையனிடம் அடுத்த பரீட்சையில் முப்பது வாங்கு என்பதுபோல!

பரப்பை வைத்துத்தான் மார்க் என்றால், ஆளில்லாத தூரக் கடலில் பெரிதாகக் கோடு போடுவதுதான் சுலபம். அண்டார்க்டிகாவின் ராஸ் கடலில் 2016இல் ஒப்புக்கொண்ட பகுதி 15.5 லட்சம் சதுர கி.மீ. நல்ல காரியம்தான், குறை சொல்லவில்லை (அதற்கும் 35 ஆண்டுக் கெடு உண்டு என்பது வேறு விஷயம்). இந்தியப் பெருங்கடலின் சாகோஸ் தீவுகளைச் சுற்றி 2010இல் பிரிட்டன் அறிவித்ததோ வேறு கதை. அந்தத் தீவுகளின் மக்களை அதற்குப் பல ஆண்டுகள் முன்பே வெளியேற்றியிருந்தார்கள். அறிவித்த விதம் கடல் சட்டத்துக்கு முரணானது என்று 2015இல் சர்வதேச நடுவர் மன்றம் சொன்னது.

எங்கள் மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்காவுக்கு வருகிறேன். 1986இல் அறிவித்தது, 560 சதுர கி.மீ. ராஸ் கடல் பகுதிக்குள் இதுபோல 2,700க்கு மேல் அடங்கும். உலகக் கணக்கில் இது தூசி. ஆனால் பாரும் (பவளப்பாறை) கடல்புல்லும் ஆவுளியாவும் (கடற்பசு) இருக்கிற கடல் இது. ஏட்டில் 21 தீவு, இரண்டு மூழ்கிவிட்டன. 2010லும் 2016லும் கடல் சூடேறிப் பவளம் வெளுத்தது. அப்போதும் 560 என்ற எண்ணில் ஒன்றுகூடக் குறையவில்லை. பாசி எடுத்துப் பிழைத்த பெண்களுக்குத் தீவுப்பக்கம் போகத் தடை வந்தது. அவர்கள் இழந்ததைக் காட்டவும் அந்த எண்ணில் இடமில்லை. விசைப்படகுகள் கரையில் நிற்கிற 61 நாள் தடைக்காலமும் இந்த விழுக்காட்டுக்குள் வராது, ஏனென்றால் அது இடத்துக்குப் போட்ட வேலி இல்லை, காலத்துக்குப் போட்டது.

சரி, எண்ணே வேண்டாம் என்று சொல்லவில்லை. இலக்கு இல்லாவிட்டால் எந்த அரசும் அசையாது. அடுத்த முறை இந்தக் கணக்கைப் போடும்போது மூன்று எண்களாகப் பிரித்துப் போடுங்கள்: அறிவித்தது எவ்வளவு, விதிகள் நடைமுறையில் இருப்பது எவ்வளவு, மீன்பிடிப்பே இல்லாதது எவ்வளவு. அப்புறம், அங்கே பாரில் உயிருள்ள பவளம் கூடியதா குறைந்ததா என்பதையும் ஒரு வரி கேட்டு எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், இராமநாதபுரம் மாவட்டம்