செயலாளரின் ஆண்டறிக்கை: கச்சேரிப் பணத்தைப் பிரிக்கும் முறை

தலைவர் அவர்களுக்கும் மூத்த கலைஞர்களுக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்து மெல்லிசைக் கலைஞர்களுக்குத் தை பிறந்தால் சித்திரை முடிய ஓய்வில்லை. வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் என எந்த வழியில் தமிழ்நாட்டு எல்லை தாண்டினாலும் இரண்டு பக்கமும் கோயில் திருவிழா. சந்தா, தணிக்கை விவரங்களைப் பொருளாளர் வாசிப்பார். செயற்குழு இந்த ஆண்டு அதிகம் பேசியது ஒரே மேடையில் நிற்பவர்களுக்குள் இருக்கும் சம்பள வித்தியாசத்தைப் பற்றித்தான்.

வித்தியாசம் இருப்பது தவறல்ல. கீபோர்டுக்காரர் சொந்தக் கருவியோடு வருகிறார். பாட்டுக்குப் பாட்டு டோன் தேடி வைத்து, வயலின் கூட்டத்தையும் ஷெனாயையும் ஒற்றை ஆளாக ஈடுகட்டுகிறார். டிரம்ஸ்காரர் சவுண்ட் செக்குக்கு எல்லாருக்கும் முன்னால் வந்து செட் மாட்டி, கடைசியில்தான் மேடையை விட்டு இறங்குகிறார். புல்லாங்குழல் கலைஞர் சுருதிக்கு ஒரு குழல் வைத்திருக்க வேண்டும். இதற்கெல்லாம் விலை உண்டு. ஆனால் யாருக்கு எதற்காக எவ்வளவு என்பது ட்ரூப்பின் (இசைக்குழுவின்) லீடருக்கு மட்டும் தெரிந்திருக்கிறதே, அங்கேதான் மனக்கசப்பு தொடங்குகிறது. பல ட்ரூப்புகள் உடைந்தது இதனால்தான்.

எனவே கணக்கை எழுதிக் காட்டும் முறையைச் செயற்குழு முன்வைக்கிறது. 12 பேர் ட்ரூப், ஒப்பந்தம் 90,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஏஜென்ட் கமிஷன் 9,000, வேன் 7,000, சாப்பாடு 3,000 போக மிச்சம் 71,000. இதில் அடிப்படைச் சம்பளம் தலைக்கு 3,500. கோரஸ் பாடுபவருக்கும் லீடருக்கும் ஒன்றே. அது 42,000. ட்ரூப் பொது நிதிக்கு 5,000. மீதி 24,000 படிகளாகப் பிரியும். லீடருக்கு இன்னொரு அடிப்படை, 3,500. கருவிப் படியாகக் கீபோர்டு இருவர், டிரம்ஸ், ரிதம் பேட் (மின்னணுத் தாளக் கருவி) ஆகியோருக்குத் தலா 1,500, கிட்டார், பேஸ் கிட்டார், தபேலா, குழலுக்குத் தலா 750, ஆக 9,000. முன்னணிப் பாடகர், பாடகி இருவருக்கும் தலா 3,000. ரிகர்சலுக்கு வந்த 11 பேருக்குத் தலா 500. கீபோர்டு வாசிக்கும் லீடர் 9,000 வாங்குவார், கோரஸ் பாடுபவர் 4,000 வாங்குவார். இரண்டே கால் மடங்கு வித்தியாசம். ஆனால் ஒவ்வொரு ரூபாய்க்கும் காரணம் தாளில் இருக்கும்.

"நான் எல்லாப் பாட்டுக்கும் வாசிக்கிறேன், அவர் ஆறு பாட்டுதான் பாடுகிறார்" என்ற வாதம் கூட்டத்தில் எழுந்தது. 2004இல் ஜெர்மனியின் பான் நகரில் பீத்தோவன் ஆர்கெஸ்ட்ராவின் வயலின் கலைஞர்களும், ஊதுகருவிக்காரர்களைவிட அதிக ஸ்வரம் வாசிக்கிறோம் என்று கூடுதல் சம்பளம் கேட்டு வழக்குப் போட்டார்கள். ஸ்வரத்தை எண்ணிச் சம்பளம் போடுவது சரிவராது என்பது செயற்குழுவின் கருத்து. தனியாக ஒலிக்கும் குழல் பிசகினால் ஊரே கேட்கும். கூட்டத்தோடு வாசிக்கும்போது பிசகு மறைந்துவிடும். மறுபக்கம், நான்கு மணி நேரம் கை ஓயாத தபேலாக்காரரின் உழைப்பும் சும்மா இல்லை. அவருக்கு 750 போதாது என்ற திருத்தம் வந்துள்ளது. அதை நான் ஆதரிக்கிறேன்.

பெண் கலைஞர்கள் விஷயத்தில் விட்டுக்கொடுக்க இடமில்லை. அமெரிக்காவின் பாஸ்டன் சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவில் அப்போது முதன்மைப் புல்லாங்குழல் கலைஞராக இருந்த எலிசபெத் ரோ, பக்கத்து இருக்கையில் ஓபோ என்ற ஊதுகருவி வாசிக்கும் ஆண் கலைஞரின் சம்பளத்தில் ஏறக்குறைய முக்கால் பங்குதான் தனக்குக் கிடைக்கிறது என்று 2018இல் வழக்குத் தொடுத்தார், 2019இல் சமரசமானது. நம் நாட்டில் 1976லேயே சம ஊதியச் சட்டம் வந்துவிட்டது. இருந்தும் டூயட்டில் பாதி பாடும் பாடகிக்கு இங்கே கவர் மெலிந்துதான் வருகிறது. தமிழும் மலையாளமும் பிசிறில்லாமல் பாடுகிறவர் இருந்தால் இன்னொரு பாடகிக்குக் கொடுக்கும் பணம் ட்ரூப்புக்கு மிச்சம். அந்த லாபத்தில் அவருக்கும் பங்கு வேண்டும். கச்சேரி முடியும் நேரத்தில் பஸ் கிடைக்காது. வீட்டு வாசல் வரை வண்டி என்பது ட்ரூப் செலவு, பாடகியின் சம்பளத்தில் பிடிப்பதல்ல.

இனிப் பணம் குறையும் நேரம். 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிப்படி இரவு 10 மணிக்கு மேல் திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. மாநில அரசு ஆண்டுக்கு 15 நாளுக்கு மிகாமல் நள்ளிரவு வரை தளர்த்தலாம். ஊர்வலம் தாமதித்து ஒன்பதுக்கு மேடை ஏற்றிவிட்டு, பத்துக்கு நிறுத்தியதும் மீதிப் பணத்தை வெட்டுகிற திருவிழாக் கமிட்டிகள் உண்டு. தொடங்கும் நேரத்தையும், தாமதம் கமிட்டியுடையது என்றால் தொகை குறையாது என்பதையும் அட்வான்ஸ் வாங்கும்போதே எழுதி வாங்குங்கள். அப்படியும் குறைந்தால் முதலில் பொது நிதி, பிறகு படிகள், கடைசியில்தான் அடிப்படை. இப்போது நடப்பது இதற்கு நேர் எதிர்: கோரஸிலிருந்துதான் வெட்டு ஆரம்பிக்கிறது.

தபேலாவும் டோலக்கும் ஒருவரே வாசித்தால் ஓர் ஆள் மிச்சம். அவருக்கு அடிப்படையில் பாதி கூடுதலாகச் சேர வேண்டும். அவசரத்துக்கு வருகிறவர் கேட்கும் அதிகத் தொகையைப் பொது நிதியிலிருந்து கொடுக்கலாம். முன்பே பதிவு செய்த ட்ராக் போட்டு பேஸ்காரரை நிறுத்தும் வழக்கம் பரவுகிறது. அந்த மிச்சம் லீடருக்குப் போகும்வரை அது பெருகத்தான் செய்யும். அதையும் பொது நிதியில் சேர்க்க வேண்டும்.

மேடையில் ரசிகர்கள் பாடகருக்குக் குத்தும் ரூபாய் நோட்டுகளைப் பங்கிடுவதில் முடிவு எட்டவில்லை. அதைத் தவிர்த்து மற்றவற்றைத் தீர்மானமாக வாக்கெடுப்புக்கு விடுமாறு தலைவர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்