மணி பார்க்க இரண்டு கை

அன்பு பாப்பாவுக்கு,

நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பழம்பொருள் சந்தையில் உனக்குக் கிடைத்தது பழைய பல்சர் எண் கைக்கடிகாரம்தான், சந்தேகமே இல்லை. முள் கிடையாது, எண் கிடையாது, முகம் முழுக்க அடர்சிவப்புக் கண்ணாடி. "செத்துவிட்டதா, தூங்குகிறதா?" என்று கேட்டிருந்தாய். நல்ல நிலையில் இருந்தாலும் அது இப்படி இருட்டாகத்தான் இருக்கும். பக்கத்திலுள்ள பட்டனை அழுத்தினால் ஒன்றேகால் விநாடிக்கு மணியும் நிமிடமும் சிவப்பாக எரியும். அழுத்தியபடியே வைத்திருந்தால் விநாடி ஓடும். விரலை எடுத்தால் மறுபடி இருட்டு.

அது உன் ஊர்க்காரப் பிள்ளை, தெரியுமா? நீ இருக்கும் டாலஸை ஒட்டிய கார்லண்டில் இருந்த எலெக்ட்ரோ டேட்டா என்ற சிறிய நிறுவனமும், பென்சில்வேனியாவின் ஹாமில்டன் கடிகாரக் கம்பெனியும் சேர்ந்து செய்தது. 1970 மே மாதம் அறிவித்தார்கள். கடைக்கு வர 1972 ஏப்ரல் ஆகிவிட்டது. முதலில் வந்தது 18 காரட் தங்கத்தில், விலை 2,100 டாலர். அந்த நாளில் அங்கே ஒரு சிறிய கார் வாங்கலாம். உன்னுடையது பிறகு வந்த, எஃகு உறை போட்ட மாடல்.

ஏன் எப்போதும் எரியவில்லை என்கிறாய். எரிந்தால் உள்ளே இருக்கும் பேட்டரி செல் ஒரு நாள் தாங்குவதே அபூர்வம். நிக் ஹோலோனியாக் 1962இல் ஜெனரல் எலெக்ட்ரிக்கில் செய்துகாட்டிய சிவப்பு எல்.இ.டி.யின் வழிவந்தவை அந்த எழுத்துகள். இன்றைய எல்.இ.டி. விளக்கு சிக்கனத்துக்குப் பேர்போனது. அன்றைய எல்.இ.டி.க்கோ யானைப்பசி. பொத்தான் அளவு செல்லிடம் எவ்வளவுதான் கேட்க முடியும்? அதனால்தான், கேட்டால் மட்டும் பதில் சொல்லும்படி அமைத்துவிட்டார்கள்.

நான் மதுரை டவுன் ஹால் ரோடு சந்தில் கடிகார ரிப்பேர் கடை போட்டது 1978இல். அந்த வருடம் உன் பெரியப்பா சிங்கப்பூரிலிருந்து ஒரு சிவப்பு எழுத்துக் கடிகாரம் கொண்டுவந்து என் கையில் கட்டிவிட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. கடைக்கு யார் வந்தாலும் மணி கேட்டார்களோ இல்லையோ, அழுத்திக் காட்டிவிடுவேன். டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் பிளாஸ்டிக் உறையில் அதே சிவப்பு எழுத்துக் கடிகாரத்தை 1976இல் 20 டாலருக்கும், மறு வருடம் 10 டாலருக்கும் இறக்கிவிட்டிருந்தது. ஐந்தே வருடத்தில் 2,100 எங்கே, 10 எங்கே! இதெல்லாம் தெரியாமல் நான் மைனர் போல உலவிக்கொண்டிருந்தேன்.

உன் அம்மாதான் முதலில் குறை சொன்னாள். நீ கைக்குழந்தை. இடுப்பில் நீ, கையில் காய்கறிக் கூடை. ஒருநாள் அவசரத்துக்கு என் கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு சந்தைக்குப் போய்த் திரும்பி வந்தவள், அதைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, "மணி பார்க்க இரண்டு கை வேண்டுமென்றால் இது என்ன கடிகாரம்?" என்றாள். அதோடு விடவில்லை. "சித்திரை வெயிலில் சிவப்பே தெரியவில்லை. நிழல் பிடிக்க மூன்றாவது கைக்கு எங்கே போவது?" என்றாள். உலகத்துக் கம்பெனிகள் கோடிகளைக் கொட்டிக் கற்றுக்கொண்ட பாடம் அது. எனக்கு வீட்டிலேயே இலவசமாகக் கிடைத்தும் காதில் ஏறவில்லை.

அப்போது எல்.சி.டி. என்கிற திரவப் படிகத் திரை வந்துவிட்டிருந்தது. சாம்பல் தரையில் கறுப்பு எழுத்து. எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. ஆனால் அதன் சூட்சுமத்தைக் கேள். அது தானாக ஒளி விடுவதில்லை. இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே முறுக்கிக் கிடக்கும் ஒரு திரவம், ஒளியையும் தன்னோடு சேர்த்துத் திருப்பிவிடும். மேலும் கீழும் ஒட்டியுள்ள வடிகட்டித் தாள்களின் வழியே ஒளி போய்த் திரும்புவது அந்தத் திருப்பத்தால்தான். மின்னழுத்தம் கொடுத்தால் முறுக்கு அவிழும், ஒளி தடைபடும், அந்த இடம் கறுக்கும். மடை திறக்கிற ஆள் தண்ணீரைச் சுமப்பதில்லை அல்லவா? அதுபோல வெளிச்சம் சூரியனுடையது, செல்லுக்கு மடைக்காரன் வேலை மட்டும். வெயில் ஏற ஏற எழுத்து தெளியும். இந்த முறுக்கு வித்தையை மார்ட்டின் ஷாட், வொல்ஃப்காங் ஹெல்ஃப்ரிச் இருவரும் 1970 டிசம்பரில் காப்புரிமைக்குப் பதிந்தது சுவிட்சர்லாந்தின் ஹோஃப்மன் லா ரோஷ் என்ற மருந்துக் கம்பெனியிலிருந்து. கடிகாரத்துக்குப் பேர்போன நாட்டில், மாத்திரை செய்கிறவர்களிடம் பிறந்திருக்கிறது! 1973இல் செய்கோ ஆறு இலக்க எல்.சி.டி. கடிகாரம் கொண்டுவந்தது. பட்டன் தேடாமல், பகலெல்லாம் மணி காட்டியது.

நான் ஏன் நம்பவில்லை என்றால், என் மேசைக்கு முதலில் வந்த எல்.சி.டி.கள் எல்லாம் நோயாளிகள். ஓரத்தில் மை சிந்தியது போலக் கறுத்திருக்கும், இல்லாவிட்டால் எழுத்து வெளிறியிருக்கும். தொடக்ககாலத் திரவங்கள் சில ஈரம் பட்டாலே கெட்டுவிடும். "இது நிலைக்காது, சிவப்பே வாங்குங்கள்" என்று வந்தவர்களுக்கெல்லாம் உபதேசம் செய்தேன். இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் கிரே என்ற வேதியியலர், சாதாரண வெப்பத்தில் கெடாமல் நிற்கும் திரவத்தை 1972 வாக்கிலேயே செய்துவிட்டார். அந்தச் செய்தி எங்கள் சந்துக்கு வரவில்லை. சிவப்புக் கடிகாரம் ஒரு டஜன் வாங்கி அடுக்கினேன். நீ சின்ன வயதில் அழுத்தி அழுத்தி விளையாடிய மேசை இழுப்பறை ஞாபகம் இருக்கிறதா? அது பொம்மைப் பெட்டி அல்ல பாப்பா, உன் அப்பாவின் முதலீடு.

கால்குலேட்டரிலும் இதே கதைதான். பச்சை நீலமாக ஒளிர்ந்தவை கண்ணாடிக் குழாய் வகை. பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தால் உள்ளே தலைமுடியை விட மெல்லிய கம்பிகள் தெரியும். சிவப்பு வகையில் எழுத்து எறும்பளவு என்பதால், ஒவ்வொன்றின் மேலும் ஒரு லென்ஸ் குமிழ் வைத்திருப்பார்கள். 1972இல் வந்த எச்.பி.-35 அந்தச் சிவப்பு இனம். விலை 395 டாலர். மறு வருடம் ஷார்ப் இ.எல்.-805 எல்.சி.டி.யோடு வந்து, ஒரே ஒரு பென்சில் செல்லில் 100 மணி நேரம் ஓடியது. அதற்குமேல் என்ன போட்டி?

ஆனால் சாம்பல் எழுத்துக்கு ஒரு கள்ளத்தனம் உண்டு. கண்ணாடியையும் சர்க்யூட் பலகையையும் இணைப்பது வரிவரியான ஒரு ரப்பர் பட்டை. அதில் தூசி புகுந்தால், எண்ணை வரையும் ஏழு கோடுகளில் ஒன்று மட்டும் வராது. கீழமாசி வீதியிலிருந்து பலசரக்கு வியாபாரி ஒருவர் வந்தார். மூன்று நாளாகக் கணக்கு உதைக்கிறது, கடைப்பையன் மேல் சந்தேகம் என்றார். கால்குலேட்டரை வாங்கி 8 தட்டினேன், 6 காட்டியது. 9 தட்டினேன், 5 காட்டியது. மேலே வலப்பக்கக் கோடு செத்திருந்தது. ஒரு கோடு போனால் சில எண்கள் கோணலாகத் தெரிந்து பிடிபட்டுவிடும். ஆனால் 8, 9 போன்றவற்றில் பொய்யும் மெய் போலவே நிற்கும். ரப்பரை ஸ்பிரிட்டால் துடைத்துக் கொடுத்தேன். இரண்டு ரூபாய் கூலி. பையனிடம் மன்னிப்புக் கேட்டாரா என்று எனக்குத் தெரியாது.

பிறகு சாம்பலுக்கும் மவுசு குறைந்தது. கல்யாண மாப்பிள்ளைக்கு முள் கடிகாரம்தான் என்று ஊர் மறுபடி மனம் மாறியது. டாட்டாவும் தமிழக அரசின் தொழில் நிறுவனமான டிட்கோவும் சேர்ந்து 1984இல் தொடங்கிய டைட்டன், ஓசூரில் குவார்ட்ஸ் இயந்திரத்தின் மேல் முள்ளை வைத்தே பிழைத்தது. எண் கடிகாரம் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கைக்குப் போனது. 1989இல் வந்த கேசியோ எஃப்-91டபிள்யூ மட்டும் இன்றும் விற்கிறது. ஒரு செல் ஏழு வருடம் வரும். அந்த மாடலை நம்பியிருந்தால் நான் பட்டினிதான்.

இப்போது நீ கட்டியிருக்கும் ஸ்மார்ட் கடிகாரத்தைப் பார். சும்மா இருக்கும்போது கறுப்பு. கையைத் தூக்கினால் எரிகிறது. மணிக்கட்டை வெடுக்கென்று திருப்பினால் எரியும் மாடல் ஒன்றைப் பல்சர் 1970களிலேயே விற்றது. அம்மாவிடம் இதைச் சொன்னேன். "அப்போதே ஒரு கை மிச்சமாகியிருக்கும்" என்றாள்.

சரி, வேலைக்கு வருகிறேன். பின்மூடியைக் கத்தியால் நெம்பாதே. பழைய செல் உள்ளே கசிந்திருந்தால் அழுத்திக்கொண்டே இருப்பதில் பயனில்லை, பட்டனை விட்டுவிடு. முதலில் பட்டையின் கொக்கியைத் திறந்து பார். நேரம் வைக்க அந்தக் கடிகாரத்துக்குத் திருகு கிடையாது. கொக்கிக்குள் குச்சி போல ஒரு குட்டிக் காந்தம் செருகியிருப்பார்கள். பின்பக்கத்தில் மணிக்கு ஒரு பள்ளம், நிமிடத்துக்கு ஒரு பள்ளம். காந்தத்தை அதில் வைத்தால் எண் நகரும். காந்தம் தொலைந்திருந்தால் சொல், என் இழுப்பறையில் தேடுகிறேன்.

செல் மாற்றியதும் வீடியோவில் கூப்பிடு. அறை விளக்கை அணைத்துவிடு. ஒரு கையில் கடிகாரம், ஒரு கை பட்டனில். போனை மாப்பிள்ளை பிடித்துக்கொள்ளட்டும்.

அன்புடன்,
அப்பா