சர்வஜன வாக்கெடுப்பு வரை காத்திருக்க வேண்டியதில்லை: தேசிய மக்கள் சக்தியின் பாராளுமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய உறுப்பினர்களே,

புதிய அரசியலமைப்பு என்ற பேச்சு எழும்போதெல்லாம் அது 9ஆம் உறுப்புரையில் போய் முட்டிக்கொள்கிறது. பௌத்தத்துக்கு முதன்மை இடம் தொடருமா தொடராதா என்று எல்லோரும் மேடை போட்டுப் பேசி முடிப்பதற்குள் ஆட்சிக்காலமே முடிந்துவிடுகிறது. 2016இல் பாராளுமன்றம் அரசியலமைப்புச் சபையாக மாறியது. 2017 செப்டம்பரில் இடைக்கால அறிக்கை வந்தது. அடுத்த மாதமே மல்வத்தை, அஸ்கிரிய பௌத்த பீடங்கள் புதிய அரசியலமைப்பே வேண்டாம் என்றன. அதன்பின் அந்த முயற்சி தலைநிமிரவில்லை.

நீங்களும் அதே வாசலில் நின்றுவிடக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறோம். 2024 நவம்பரில் 225இல் 159 ஆசனங்கள் உங்களுக்குக் கிடைத்தன. மூன்றில் இரண்டுக்கு 150 போதும். சர்வஜன வாக்கெடுப்பைக் கட்டாயமாக்கும் 83ஆம் உறுப்புரையின் பட்டியலை ஒருமுறை விரல்வைத்துப் படியுங்கள்: 1, 2, 3, 6, 7, 8, 9, 10, 11, பிறகு 83. ஜனாதிபதியின், பாராளுமன்றத்தின் காலத்தை ஆறு ஆண்டுக்கு மேல் நீடிப்பதும் அதில் சேரும். 12, 14, 15, 16, 80, 126 ஆகியவை அதில் இல்லை. தகவல் அறியும் உரிமையை 14அ என்று 2015இல் 19ஆம் திருத்தம் சேர்த்தபோது யாரும் வாக்கெடுப்புக்குப் போகவில்லை. மத சிறுபான்மையினருக்கு அன்றாடம் நேரும் அநீதியில் பெரும்பங்கு, வாக்கெடுப்பு தேவைப்படாத இந்த உறுப்புரைகளின் ஓட்டைகளாலும் சில சுற்றுநிருபங்களாலும் நேர்வது. அவற்றை இந்தப் பாராளுமன்றமே அடைக்கலாம்.

9ஆம் உறுப்புரை பற்றி எங்கள் நிலைப்பாட்டை மறைக்க விரும்பவில்லை. அரசுக்கு மதம் வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. 1947 சோல்பரி யாப்பின் 29(2)ஆம் பிரிவு எந்தச் சமயத்தவருக்கும் தனிச் சலுகையோ தனிச் சுமையோ தரும் சட்டத்தைத் தடுத்தது. 1972இல் அது போனது, பௌத்தத்துக்கு முதன்மை இடம் வந்தது. 1978இல் அது 'பௌத்த சாசனத்தை'ப் பேணி வளர்க்கும் கடமையாக விரிந்தது. ஆனால் அந்த வாக்கியத்தின் இரண்டாம் பாதியைத்தான் எல்லோரும் அவசரமாகக் கடந்துபோகிறார்கள். மற்ற மதங்களுக்கு அது உறுதிசெய்வது 10 (சிந்தனை, மனச்சாட்சி, மதச் சுதந்திரம்), 14(1)(உ) (மதத்தை வழிபாட்டிலும் நடைமுறையிலும் வெளிப்படுத்தும் சுதந்திரம்) ஆகியவற்றின் உரிமைகளை மட்டும். மதத்தின் பேரால் பாகுபாடு கூடாது என்னும் 12(2) அங்கே சொல்லப்படவில்லை. இந்த இடைவெளி வெறும் எழுத்துப் பிழையாக நிற்கவில்லை. 2003இல் மென்சிங்கன் கன்னியாஸ்திரிகளின் சபையைக் கூட்டிணைக்கும் சட்டமூலம் உயர் நீதிமன்றத்துக்குப் போனபோது, கிறிஸ்தவத்தைப் பரப்புவது பௌத்தத்தின் இருப்பையே பாதிக்கும் என்று 9ஆம் உறுப்புரையைக் காட்டித் தீர்மானித்தார்கள். அது உரிமை மீறல் என்று ஐ.நா. மனித உரிமைகள் குழு 2005இல் சொன்னது. நாட்டில் எதுவும் மாறவில்லை.

முழு அரசியலமைப்பு வரும் நாளில் முதற்பாதியை அகற்ற உங்களுக்குத் துணிவு வராவிட்டால், இரண்டாம் பாதியையாவது திருத்தியெழுதுங்கள். அதற்கான சொற்களைப் புதிதாகத் தேடவேண்டாம். எல்லா மதங்களையும் நம்பிக்கைகளையும் மதிப்போடும் கண்ணியத்தோடும் பாகுபாடின்றி நடத்துவது, எல்லோருக்கும் எல்லா அடிப்படை உரிமைகளையும் உறுதிப்படுத்துவது என்ற மாற்று வாசகம் 2017 இடைக்கால அறிக்கையிலேயே கிடக்கிறது.

இனி உடனே செய்யக்கூடியவை.

எழுதப்பட்ட உரிமை இருந்தும் அது எப்படிக் கைகொடுக்காமல் போகும் என்பதற்கு 2020ஐவிடக் கொடிய சான்று தேவையில்லை. ஏப்ரல் 11ஆம் திகதி வர்த்தமானியில் ஓர் ஒழுங்குவிதி வந்தது: கொவிட்டால் இறந்தவர்களின் உடல்களைத் தகனம் மட்டுமே செய்யலாம். அடக்கம் செய்வதில் தடையில்லை என்று உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல் சொல்லியிருந்தது. முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் அடிப்படை உரிமை மனுக்களோடு உயர் நீதிமன்றம் போனார்கள். டிசம்பர் 1ஆம் திகதி, காரணம் எதுவும் கூறாமல், பெரும்பான்மை முடிவால் விசாரணைக்கு அனுமதி மறுக்கப்பட்டது. அந்த மாதத்திலேயே பிறந்து 20 நாட்களேயான ஒரு முஸ்லிம் குழந்தையின் உடல் பெற்றோரின் விருப்பத்துக்கு மாறாக எரிக்கப்பட்டது. 2021 பெப்ரவரி இறுதியில்தான் அடக்கம் செய்ய வழி திறந்தது, அதுவும் பிறகு ஓட்டமாவடியில். 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது. 9ஆம் உறுப்புரை உறுதியளித்த அதே 14(1)(உ) உரிமைதான் அந்தப் பத்து மாதங்களும் புத்தகத்தில் இருந்தது.

எனவே உரிமைகளைக் கட்டுப்படுத்த இடந்தரும் 15(7)இல் ஒரு வரி சேருங்கள்: உரிமையைக் கட்டுப்படுத்தும் எந்த விதியும் அவசியமானதாகவும் நோக்கத்துக்கு அளவானதாகவும் இருக்கவேண்டும், அதை நிரூபிக்கும் பொறுப்பு அரசுக்கே உரியது. பொதுச் சுகாதாரம் காரணமென்றால் அதன் அறிவியல் அடிப்படை வர்த்தமானியோடு சேர்த்து மும்மொழியிலும் வெளியாகவேண்டும். அடிப்படை உரிமை மனுக்களைப் பற்றிய 126இல், அனுமதி மறுக்கும்போது எழுத்தில் காரணம் சொல்வதைக் கட்டாயமாக்குங்கள். மனுத் தாக்கல் செய்ய இப்போதுள்ள ஒரு மாதக் கெடு, முல்லைத்தீவிலிருந்தோ மொனராகலையிலிருந்தோ கொழும்பில் சட்டத்தரணி தேடவேண்டியவருக்கு அவகாசமே இல்லாத மாதிரி. ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலம் கெடுவில் சேராது என்று 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. இது தெரியாமல் உரிமையை இழந்தவர்கள் ஏராளம். கெடுவை ஆறு மாதமாக்கி, மாகாண மேல் நீதிமன்றங்களுக்கும் இந்த அதிகாரத்தைக் கொடுங்கள்.

அடுத்தது சுற்றுநிருபம். புதிய வழிபாட்டிடம் கட்ட மத விவகார அமைச்சின் முன் அனுமதி வேண்டும் என்று 2008இல் ஒன்று வெளியானது. அதன் பின்னால் பாராளுமன்றம் இயற்றிய சட்டம் இல்லை. நடைமுறையில் அது இயங்கும் விதத்தைக் கவனியுங்கள். ஒரு வீட்டில் ஞாயிறு ஜெபக்கூட்டம் நடக்கிறது. ஊரில் சிலர் ஒரு பிக்குவை முன்னிறுத்தி முறைப்பாடு செய்கிறார்கள். பொறுப்பதிகாரி இரு தரப்பையும் அழைத்து, போதகரிடம் 'அமைச்சில் பதிந்த கடிதம் எங்கே' என்கிறார். கட்டுமானத்தைப் பற்றிய சுற்றுநிருபம், ஏற்கெனவே இருக்கும் வீட்டில் கூடிச் ஜெபிப்பதைத் தடுக்கும் கருவியாகிவிடுகிறது. சமாதானம் குலையும் என்ற காரணத்தைச் சொல்லி, தாக்க வந்தவர்களை விட்டுவிட்டுக் கூடியவர்களைக் கலைக்கிறார்கள். போதகர் 'இணக்கமாக' ஒரு கையெழுத்து வைத்தால் அடுத்த முறைப்பாட்டில் அதுவே அவருக்கு எதிரான ஆவணம். பள்ளிவாசல்களும் இதே வழியில்தான் சிக்குகின்றன.

சுற்றுநிருபத்தை விலக்க ஓர் அமைச்சரின் கையெழுத்தே போதும், 150 வாக்குகூட வேண்டாம். அதனிடத்தில் கட்டட ஒழுங்கு மட்டும் இருக்கட்டும்: வாகனத் தரிப்பு, ஒலி அளவு, தீப் பாதுகாப்பு. கடைக்கும் மண்டபத்துக்கும் உள்ள அதே விதி விகாரைக்கும் கோயிலுக்கும் பள்ளிக்கும் தேவாலயத்துக்கும். அயல் மதத்தவரின் சம்மதக் கடிதம் கேட்கக்கூடாது. பிரதேச சபை 30 நாட்களுக்குள் எழுத்தில் பதில் தரவேண்டும், தராவிட்டால் அனுமதி கிடைத்ததாகக் கொள்ளவேண்டும்.

வடக்கு கிழக்கில் காயம் வேறு இடத்தில் இருக்கிறது: தொல்பொருள். பாதை ஏறத்தாழ ஒன்றுதான். திணைக்களம் ஓரிடத்தை அடையாளமிட்டு எல்லைக்கல் நடுகிறது. காலங்காலமாகப் பொங்கல் வைத்தவர்களுக்கு 'சின்னங்கள் சேதமாகும்' என்று தடை வருகிறது. அகழ்வு நடக்கிறது, கூடவே படையினர் நிற்கிறார்கள். பின்னர் 'பாதுகாப்பு வேலை' என்ற பெயரில் புதிய செங்கல் ஏறுகிறது. குருந்தூர்மலையில் கட்டுமானத்தை நிறுத்தும்படி 2022இல் நீதிமன்றம் கட்டளையிட்டும் வேலை தொடர்ந்தது. அந்த வழக்கைக் கேட்ட முல்லைத்தீவு நீதிபதி 2023 செப்டம்பரில் உயிர் அச்சுறுத்தலைக் காரணமாகக் கூறிப் பதவி விலகி நாட்டைவிட்டே போனார். வெடுக்குநாறிமலையில் 2024 சிவராத்திரியன்று வழிபடப் போன எட்டுப் பேர் கைதானார்கள், நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. செம்மலை நீராவியடியில் 2019இல் நீதிமன்றக் கட்டளையை மீறிக் கோயில் வளாகத்தில் ஒரு பிக்குவின் உடல் தகனம் செய்யப்பட்டது. கிழக்குக்கென 2020 ஜூனில் அமைத்த தொல்பொருள் செயலணிக்குத் தலைமை பாதுகாப்புச் செயலாளர். தமிழரும் முஸ்லிமும் அதிகம் வாழும் மாகாணத்துக்கான அந்தச் செயலணியில் தொடக்கத்தில் ஒரு தமிழரும் இல்லை, ஒரு முஸ்லிமும் இல்லை.

புதைந்த பௌத்த எச்சங்கள் அங்கே உண்டு என்பதை நாங்கள் மறுக்கவில்லை. தமிழர்களும் ஒரு காலத்தில் பௌத்தர்களாக இருந்தவர்கள், அந்தக் கற்கள் எங்கள் வரலாறும்கூட. பழைய கல்லைக் காப்பது ஒரு வேலை, அதன்மேல் புதிய வழிபாட்டிடம் எழுப்புவது வேறு வேலை. இரண்டும் இன்று ஒரே அமைச்சின் கீழ் இருக்கின்றன. தொல்பொருள் திணைக்களத்தை புத்தசாசன அமைச்சிலிருந்து பிரித்தெடுங்கள். 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டத்தில் மூன்று மாற்றங்கள் வேண்டும். காணியை வர்த்தமானியில் அறிவிக்குமுன் 90 நாள் முன்னறிவித்தல் தமிழிலும் சிங்களத்திலும் அந்த ஊரிலேயே ஒட்டப்படவேண்டும், ஆட்சேபத்தைக் கேட்கவேண்டும். அறிவிக்கும் நாளில் நடந்துவந்த வழிபாடு, சின்னத்துக்குச் சேதமில்லாத அளவில் தொடரும் உரிமை வேண்டும். ஒதுக்கிய காணியில் எந்த மதத்தவரும், படையினர் உட்பட எவரும், புதிதாக எதையும் எழுப்புவது குற்றமாகவேண்டும், மேற்பார்த்த அதிகாரி அதற்குத் தனிப்படப் பொறுப்பேற்கவேண்டும். தனியார் காணியில் ஏற்கெனவே எழுந்துவிட்ட யாழ்ப்பாணத்துத் தையிட்டி விகாரைக்கு உறுதிக்காரரோடு பேசித் தீர்வு காணுங்கள்.

16(1) பற்றிச் சுருக்கமாக. அரசியலமைப்புக்கு முன்பிருந்த சட்டங்கள் அடிப்படை உரிமைக்கு முரணானாலும் செல்லும் என்கிறது அது. இதன் நிழலில்தான் 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டம் நிற்கிறது. குறைந்தபட்ச வயது இல்லை, மணமகளின் கையெழுத்து இல்லை, அரசு ஊதியம் பெறும் காதியாக (முஸ்லிம் விவாக வழக்குகளின் நீதிபதியாக) பெண் வரமுடியாது. சீர்திருத்தக் குழு 2009இல் அமைந்து 2018இல்தான் அறிக்கை தந்தது. முஸ்லிம் பெண்கள் கேட்பது தங்கள் சட்டத்தில் நீதி. 2021இல் 'ஒரே நாடு ஒரே சட்டம்' செயலணிக்கு, நீதிமன்ற அவமதிப்பில் சிறை சென்று பொதுமன்னிப்பில் வெளிவந்த பொது பல சேனாவின் ஞானசார தேரரைத் தலைவராக்கியது போன்ற செயல், அந்தப் பெண்களின் கோரிக்கையையே இனவாதத்தின் கையாயுதம்போலத் தோன்றச் செய்தது. 16(1)ஐ நீக்குங்கள், ஆனால் இரண்டு ஆண்டு இடைக்காலத்தோடு. அதற்குள் அந்தப் பெண்களை மேசையில் உட்காரவைத்துத் திருத்தத்தை எழுதுங்கள். யாழ்ப்பாணத் தமிழரின் வழக்குச் சட்டமான தேசவழமையும் கண்டியச் சட்டமும் அதே கெடுவுக்குள் பரிசீலிக்கப்படட்டும். 80(3)ம் போகவேண்டும்: சபாநாயகர் சான்றுரைத்த சட்டத்தை எந்த நீதிமன்றமும் தொடமுடியாது என்ற நிலை, இரவோடிரவாக வரும் பிழைகளை நிரந்தரமாக்குகிறது.

வெறுப்புப் பேச்சுக்கென இருக்கும் 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்க ஐ.சி.சி.பி.ஆர். (குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச சமவாயச்) சட்டத்தின் 3ஆம் பிரிவு தலைகீழாகப் பயன்படுகிறது. முஸ்லிம்களுக்கு எதிரான வன்முறையில் அளுத்கமவும் திகனவும் எரிந்தபின் தூண்டியவர்களைத் தேடியதைவிட, 2019இல் சிறுகதை எழுதியதற்காக சக்திக சத்குமாரவைச் சிறையிலிட்டதில் வேகம் தெரிந்தது. மேல் நீதிமன்றம் மட்டுமே பிணை தரலாம் என்ற விதி, குற்றம் நிரூபணமாகாமலே மாதக்கணக்கில் தண்டிக்கிறது. கைதுக்கு முன் சட்டமா அதிபரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். வன்முறைக்குத் தூண்டியது என்ற கூறு குற்றப்பத்திரிகையில் தெளிவாக இருக்கவேண்டும். பிணை வழங்க நீதவானுக்கும் அதிகாரம் வேண்டும்.

எம்மவர்களுக்கும் ஒன்று சொல்லவேண்டும், அதை நீங்கள் அறிந்திருக்கவேண்டும். மதமாற்றத் தடைச் சட்டம் வேண்டும் என்ற குரல் சில இந்து அமைப்புகளிடமிருந்து உங்கள் காதுக்கு வரும். ஜாதிக ஹெல உறுமய 2004இல் கொண்டுவந்த சட்டமூலமும் அதுதான். அதன் சில வாசகங்கள் 10ஆம் உறுப்புரைக்கு முரண் என்று உயர் நீதிமன்றமே தீர்மானித்தது. அந்தக் கோரிக்கையைத் தமிழரின் கோரிக்கையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சாதியின் பேரால் இன்றும் சில கோயில் வாசல்களில் நடப்பதைத் தடுக்க 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. அதை அமுல்படுத்தும்படி வட மாகாணப் பொலிஸாருக்கு எழுத்தில் பணிப்புரை அனுப்புங்கள்.

ஒழுங்கு இப்படி இருக்கலாம்: சுற்றுநிருபத்தை இந்த மாதமே விலக்குவது, அமைச்சுப் பிரிப்பை அடுத்த வர்த்தமானியில் செய்வது, 15, 16, 80, 126 ஆகியவற்றுக்கான ஒரே திருத்தச் சட்டமூலத்தை வரவுசெலவுத்திட்டக் கூட்டத்தொடருக்கு முன் கொண்டுவருவது, தொல்பொருட்கள் கட்டளைச் சட்டத் திருத்தத்தைச் சாதாரண பெரும்பான்மையில் நிறைவேற்றுவது. வரைவின் தமிழ்ப் பிரதி சிங்களப் பிரதியோடு அதே நாளில் வெளியாகட்டும். பிரதேச செயலகங்களில் கருத்துக் கேட்க ஆறு வாரம் கொடுங்கள். எங்கள் ஊர்களில் நடக்கும் அமர்வுகளுக்குத் தமிழில் பதிவெழுதக்கூடிய அலுவலர்களை அனுப்புங்கள்.

இப்படிக்கு,
வடக்கு, கிழக்கு, மலையகம், கொழும்பைச் சேர்ந்த தமிழ் பேசும் சட்டத்தரணிகளும் ஆசிரியர்களும்